ஏரியை உடைக்க வந்த பத்து ரோபோக்கள்

நானும் என் தம்பி ப்ரஹ்லாத்தும் இரண்டு மாதமாக ஒரு ஏரி கட்டினோம். நிஜ ஏரி இல்லை. 'கட்டை உலகம்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் கட்டின ஏரி. எங்கள் ஊர் அல்சூர் ஏரி மாதிரியே நடுவில் தீவு, சுற்றிலும் நடைபாதை, இருபது படகுகள் எல்லாம் உண்டு.

அதை ருக்குவுக்காகக் கட்டினோம். அவள் விவேக் நகரில் எங்கள் பில்டிங்கில்தான் இருக்கிறாள், என் வகுப்புதான். அவள் அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல், ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவளை ஏரிக்கு வரவழைத்து, படகில் ஏற்றி வழியனுப்புவது என்று ரகசியத் திட்டம் போட்டோம்.

ரகசியம் என்பதால் கீழ்வீட்டு ஓஸ்வால்டுக்கும் சொல்லவில்லை. அவன் வாயில் ஒரு விஷயம் அரை மணி நேரம்கூடத் தங்காது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

கட்டை உலகத்துக்குள்ளேயே குட்டிக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நாம் எழுதுகிற கட்டளைப்படி அவை கதவு திறக்கும், ரோபோக்களை ஓட்டும், ஒன்றோடொன்று ரேடியோவில் பேசும். ஏரியைச் சுற்றி மதில் எழுப்பி, கதவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்தேன். நான் ரகசியச் சொல்லை ரேடியோவில் அனுப்பினால் கதவு திறக்கும். அந்த ரேடியோவை அதே உலகத்தில் விளையாடுகிற யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஓஸ்வால்டுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை மதிலுக்கு வெளியே புதருக்குள் ஒரு கம்ப்யூட்டரை ஒளித்துவைத்து ஒட்டுக்கேட்டிருக்கிறான். புதன்கிழமை பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, படகெல்லாம் தீவின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. போதாததற்கு மதில் மேல் பூசணிக்காய்களை அடுக்கித் தன் பெயரை முழுசாக எழுதிவிட்டுப் போயிருந்தான்.

சொல்லை மாற்றினேன். அதையும் கேட்டுவிட்டான். சரி, சொல்லே வேண்டாம், பதினான்காம் எண் கம்ப்யூட்டர் கேட்டால் மட்டும் திற என்று கதவுக்கு எழுதினேன். பதினான்கு அங்கே நான் கையில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர். உடனே அவன் செய்திகளாக அனுப்பித் தள்ள ஆரம்பித்தான், நிமிடத்துக்கு ஆயிரம். எல்லாம் ஒரே செய்தி, "டிபன் ஆச்சா?" பாவம் கதவுக் கம்ப்யூட்டர், ஒவ்வொன்றையும் எடுத்து இது பதினான்கா, இது பதினான்கா என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஏரிக்கு நாங்களே ஏணி வைத்து ஏற வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை நாலரை மணிக்குப் பத்து ரோபோக்கள் வரிசையாக வந்து மதிலைத் துளைத்து, ஏரிக்கரையைத் தோண்ட ஆரம்பித்தன. கரையில் ஓர் ஓட்டை விழுந்து தண்ணீர் பள்ளத்தில் ஓடியது. இப்படியே போனால் ஆறு மணிக்கு ருக்குவுக்குக் காட்ட வெறும் சேறுதான் மிஞ்சும். எனக்கு அழுகை வந்துவிட்டது. ப்ரஹ்லாத் ஒரு ரோபோவை மண்வெட்டியால் போட்டு அடித்தான். அது அவனைச் சட்டையே செய்யவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நாலு அடி தோண்டியதும் பத்து ரோபோக்களும் நின்ற இடத்தில் ஒரு சுற்று சுற்றின. மறுபடி நாலு அடி, மறுபடி ஒரு சுற்று.

தோண்டுகிற ரோபோ எதற்குச் சுற்ற வேண்டும்? ஏரி தோண்ட நான் செய்த ரோபோ மட்டும்தான் அப்படிச் சுற்றும். பார்க்கத் தமாஷாக இருக்கட்டும் என்று நானே எழுதியது அது. ஆக, புதன்கிழமை உள்ளே வந்தவன் என் ரோபோவின் கட்டளைகளை வரி விடாமல் காப்பி அடித்திருக்கிறான், ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல். போன வருஷம் என் கன்னட நோட்டைக் காப்பி அடித்தபோது என் ரோல் நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுத்த ஆள்தானே.

அந்தக் கட்டளைகளின் கடைசி வரி இதுதான்: பதினான்காம் எண் 'நில்' என்றால் நில், 'வா' என்றால் அதன் பின்னால் போ.

'நில்' என்று அனுப்பினேன். பத்தும் நின்றன. 'வா' என்றேன். பத்தும் திரும்பி, நாலு அடிக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்தன.

ஓஸ்வால்ட் அதே உலகத்தில் கட்டியிருக்கும் கோட்டையைத் தோண்டச் சொல் என்று ப்ரஹ்லாத் குதித்தான். எனக்கும் அதே ஆசைதான். கோட்டை வாசல்வரை ரோபோக்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து வீட்டில் காலிங் பெல் அடித்தது.

மூச்சு வாங்க ஓஸ்வால்ட் நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என் கோட்டைய உடைக்காத வீணா."

"நீ மட்டும் எங்க ஏரிய உடைக்கலாமா?"

அவன் தன் செருப்பையே பார்த்தான். "ருக்கு எனக்கும் ஃப்ரெண்டுதானே. நீங்க ரெண்டு பேரும் மதில் கட்டிக்கிட்டு உள்ள இருக்கீங்க, என்னை மட்டும் விடல. ரொம்ப பேஜாராயிடுச்சு."

ருக்குவுக்காக என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீ வெச்ச பாஸ்வேர்டே 'ருக்குவுக்கு டாட்டா'தானே. செவ்வாய்க்கிழமையே தெரியும். ஆனா அவகிட்ட மூச்சு விடல."

செவ்வாயிலிருந்து சனி வரை ஐந்து நாள். ஓஸ்வால்ட் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உன்கிட்ட சொல்லாதது என் தப்புதான். உள்ள வா. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. உன் ரோபோவ வெச்சே கரைய அடைக்கலாம்."

அவன் மண் போட, நான் தண்ணீர் விட, ப்ரஹ்லாத் படகுகளை நிமிர்த்த, ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏரி நிரம்பியது.

ருக்கு வந்தாள். நடைபாதையில் பத்து ரோபோக்களும் வரிசையாக நின்று சுற்றின. அவள் முதலில் ஓஸ்வால்டின் படகில்தான் ஏறினாள். எனக்குக் கொஞ்சம் கடுப்புதான், இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். தீவை மூன்று முறை சுற்றி வந்தாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் ஹெட்போனில் விசும்பி விசும்பி அழுதோம்.

"எதுக்கு அழறீங்க?" என்றாள் ருக்கு. "சென்னையிலயும் நெட் இருக்கில்ல? நாளைக்கு ராத்திரியே வந்து படகு விடுவேன்."

இரண்டு மாதத்தில் இது எனக்கும் ப்ரஹ்லாத்துக்கும் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. ஓஸ்வால்ட் மட்டும், தனக்கு அது முதல் நாளே தெரியும் என்றும், அதுவும் ரகசியமாக்கும் என்று நினைத்துத்தான் சொல்லாமல் இருந்ததாகவும் சொன்னான்.