ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

காலையில் அளவுக் குடுவையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது சிறுநீர் நேற்றைய கோட்டுக்கு இரண்டு விரல் கீழேயே நின்றது. தண்ணீர் குறைவாகக் குடித்திருப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தையல்காரி அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். மோட்டார் ஓடும்வரை ஒன்றுமில்லை. நிறுத்தினால் தெரிந்தது: வலது அடிவயிற்றில், நான்கு மாதங்களுக்கு முன் அண்ணனின் சிறுநீரகத்தை வைத்துத் தைத்த இடத்தில், ஒரு வெதுவெதுப்பு, உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதைப் போல.

அண்ணன் தானாக முன்வந்து கொடுத்தான். பதினைந்து வருடங்களுக்கு முன் அவள் கட்டிக்கொள்ள நினைத்தவனை ஆள் வைத்து அடித்து, ஊரைவிட்டே துரத்தியவனும் அவன்தான். அறுவைக்கு முந்தின நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேண்ணா" என்றாள். வாய்தான் சொன்னது.

மூன்றாம் நாள் கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசியால் திசு எடுத்துப் பார்த்த மருத்துவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க மருந்த விடல, தெரியும். திசுப் பொருத்தமும் முழுசா இருந்துச்சு. ஆனா அந்தப் பொருத்தத்துல பார்க்காத ஒரு மரபணு இருக்கு, ஒரு புரதத்தைச் செய்யறது. உங்க அண்ணன்கிட்ட இருக்கு, உங்ககிட்ட பிறவியிலேயே இல்ல. அதனால உங்க உடம்பு அதை அந்நியமா நினைச்சுத் தாக்குது."

"நான் வேணும்னு செய்யலையே டாக்டர்?"

"உங்க மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

தலையாட்டினாள். நம்பவில்லை.

மதியம் அண்ணன் வந்தான். பினாயில் நெடியும் மின்விசிறியின் கிறீச்சொலியும் நிறைந்த அறையில், சிறுநீரகத்தை வெட்டியெடுத்த பக்கத்தைக் கையால் தாங்கியபடி, கட்டிலோரம் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தான்.

"இன்னும் என்னை மன்னிக்கலல்ல?"

"ஏதோ மரபணுவாம்ணா..."

"உடம்பு பொய் சொல்லுமா?"

பழைய கசப்பு எழுந்தது. அடிவயிற்றை அழுத்திக்கொண்டாள். கல்லாய் இறுகிக் கிடந்தது.

அவன் முகம் சுருங்கியது. "மெதுவா."

"என்னது?"

"அழுத்தாத. எனக்கு வலிக்குது."

கையைத் தளர்த்தினாள். அவன் மூச்சு விட்டான்.

மறுபடி அழுத்தினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் இரண்டாக மடங்கினான்.

பதறிப்போய் இரண்டு கைகளையும் போர்வைக்கு வெளியே நீட்டினாள்.

"நான் தொடலண்ணா. இங்க பாரு. தொடவே இல்ல."

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வெட்டியெடுத்த பக்கம், சட்டைத் துணியில் ஐந்து குழிகள். விரல் விரலாக. மெல்ல. ஆழமாக.

இன்னும் ஆழமாக.