உம்மாவின் பைண்டு புத்தகம்

காலை எட்டு மணிக்கு, வாயில் புட்டு இருக்கும்போதே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டேன்!

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சபிதாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய பக்கம் அது. அதுவரை திறக்க மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருந்தேன். ஆனால் ரஸீனாவால், அதாவது என்னால், ஆவலை அடக்க முடியாது. என்ன செய்வது, பிறவிக் குணம்.

சபிதா என் வகுப்புத் தோழி. அயனிச்சக்கைப் பழம் பறிக்க மரம் ஏறி விழுந்து, ஆறு வாரமாகக் காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், எங்கள் உம்மாவின் அலமாரியில் கிடைத்த தடித்த பைண்டு புத்தகத்தை வாசித்தேன். அட்டையில் பெயர்கூட இல்லை. ஆனால் என்ன ஒரு நாவல்! ஒரு அத்தியாயம் முந்நூறு வருடத்துக்கு முன்னால் நடக்கும். ராஜாவின் முத்துமாலை களவு போகும். அடுத்த அத்தியாயம் இந்தக் காலத்தில் நடக்கும். சென்னையில் ஒரு பேங்க் மேனேஜர் காணாமல் போவார். மறுபடி ராஜா, மறுபடி மேனேஜர்.

"மாலை பேங்க் லாக்கருலதான் இருக்கு, பாத்துக்கோ," என்பாள் சபிதா.

இன்று அவளுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். வெட்டும் மிஷின் காலையும் சேர்த்து வெட்டிவிடும் என்று பக்கத்து வீட்டு வினோஜ் புளுகியிருந்தான். சபிதா அதை நம்பிவிட்டாள்.

"நான் வரமாட்டேன். எனக்கு பேடியாட்டு இருக்கு," என்று பயத்தில் ஒரே அழுகை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். கட்டை வெட்டும்போது நான் பக்கத்தில் நின்று கடைசி அத்தியாயத்தை வாசிக்க வேண்டும். ராஜா கதையும் மேனேஜர் கதையும் எப்படிச் சேருகின்றன என்று தெரிகிற அத்தியாயம்.

அவை சேரவே இல்லை!

ராஜாவின் மாலை அவர் தலையணைக்குள்ளேயே இருந்தது. மேனேஜர் வீட்டில் கோபித்துக்கொண்டு கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். முற்றும். அவருக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"உம்மா! இது என்ன நாவல்?" என்று அலறினேன்.

உம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நாவலா? இது ரெண்டு தொடர்கதை மக்கா. நான் படிக்கிற காலத்துல ஒரே வாரப் பத்திரிகையில ரெண்டும் வந்துது, கடைசி வாரம் ஒரே பக்கத்துல முடிஞ்சுது. வாரா வாரம் கிழிச்சு அடுக்கி வச்சு, கடைசில பைண்டு பண்ணினேன்."

"அப்போ கதைக்க பேரு? எழுதினவங்க பேரு?"

"பைண்டு கடையில மேல் ஓரத்தைக் கொஞ்சம் கூடுதலா வெட்டிட்டாவ. எல்லா பேரும் அதோட போச்சு."

ஆறு வாரம்! இரண்டு பேர் எழுதிய இரண்டு கதைகளை ஒன்றென்று நினைத்து, நானும் ஏமாந்து, சபிதாவையும் ஏமாற்றியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் சபிதாவோடும் அவள் அம்மாவோடும் ஆட்டோவில் ஏறினேன். சபிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

"புத்தகம் கொண்டு வந்தியா?"

"ம்," என்றேன். உண்மையைச் சொன்னால் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கிவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும் சத்தியநேசன் சார் மிஷினைப் போட்டார். அது 'ங்ங்ங்' என்று அலறியது. சபிதா கண்களை இறுக மூடிக்கொண்டு, "வாசிட்டி! வேகம் வாசி!" என்று கத்தினாள்.

புத்தகத்தைத் திறந்தேன். தலையணை. அக்கா வீடு. இதையா வாசிப்பது?

"ராஜா தலையணையைக் கிழித்தார்," என்று தொடங்கினேன். அதுவரை புத்தகத்தில் இருந்தது. அதன் பிறகு என் வாய் தானாகப் பேசியது. "உள்ளே முத்துமாலை இருந்தது. ஆனால், ஐயோ! பாதி மாலைதான் இருந்தது!"

சபிதா ஒரு கண்ணைத் திறந்தாள். "பாதியா? மீதி எங்கட்டி?"

"மீதியை ராணி தன் மகளுக்குக் கொடுத்திருந்தாள். அவள் தன் மகளுக்குக் கொடுத்தாள். அப்படியே முந்நூறு வருடம் கைமாறி, கோயம்புத்தூரில் ஓர் அக்காவிடம் வந்து சேர்ந்தது. யார் அந்த அக்கா?"

"மேனேஜருக்க அக்கா!" சபிதா இரண்டு கண்களையும் திறந்துவிட்டாள்.

"சென்னை பேங்கில் நூறு வருடமாகத் திறக்காத ஒரு லாக்கர் இருந்தது. அதை மேனேஜர் திறந்தார். உள்ளே ராஜாவின் பாதி மாலை! அவர் திடுக்கிட்டார். இதே மாதிரி ஒன்றை அக்கா வீட்டில் பார்த்திருக்கிறோமே! யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கே ரயில் ஏறினார்."

"லாக்கருன்னு நான் அப்பவே சொன்னேன்லா!"

"பொறவு?" என்றது இன்னொரு குரல். சத்தியநேசன் சார்!

"மிஷினை ஏன் நிறுத்திட்டீங்க?" என்று சபிதா பதறினாள்.

"கட்டுப் பிரிச்சு எவ்வளவோ நேரம் ஆச்சு பிள்ளே. ரெண்டு பாதியும் சேந்துதா, இல்லியா?"

சபிதா குனிந்து பார்த்தாள். மெலிந்து வெளுத்துப்போன கால், முழுசாக இருந்தது. விரல்களை ஆட்டிப் பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் ஆட்டினாள். பிறகு முடிவைத் தானே படிக்கிறேன் என்று என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிவிட்டாள்.

அவள் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"ஏட்டி! இதுல பாதி மாலையே இல்லியே!"

பத்திரிகை, பைண்டு கடை எல்லாவற்றையும் சொன்னேன். "மன்னிச்சிரு சபிதா. நீ பேடிச்சிருவன்னு நானே உண்டாக்கிச் சொன்னேன்."

அவள் என்னை முறைத்தாள். இனி என்னோடு பேசவே மாட்டாளோ என்று பயந்தேன்.

சபிதா புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"இது வேண்டாம். உனக்க கதையை முதல்லேருந்து சொல்லு. மிஷின் சத்தத்துல ஒண்ணும் ஒழுங்கா கேக்கல்ல."

சத்தியநேசன் சார் கதவைத் திறந்து, "ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்க," என்று வெளியே காத்திருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, எங்கள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.