இரண்டு பேருக்கு ஒரு பந்து

"அந்தப் பந்து ஒரு பெட்டி குடுங்க."

மழையில் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தவன், தலையைக்கூடத் துவட்டாமல் அலமாரியின் மேல் தட்டைக் காட்டினான்.

"அது உங்களுக்கு ஒத்து வராது சார்."

விற்பனைக்கு நின்றிருந்த பெண் சொன்னது அவ்வளவுதான். அவனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது.

"நான் உள்ள வந்து அஞ்சு செகண்ட்கூட ஆகல. எனக்கு எது ஒத்து வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியாதுதான். அதுக்குத்தான் உள்ள மெஷின் இருக்கு. நாலு அடி அடிச்சுக் காட்டுங்க, அப்புறம் சண்டை போடலாம்."

கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய கடை அது. பின்னறையில் வலை கட்டி, மட்டை சுழலும் வேகத்தைக் காட்டும் கருவி வைத்திருந்தார்கள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலுக்கு ஏழு அடி அடித்தான். திரை இரக்கமே இல்லாமல் ஒரே கணக்கைத்தான் காட்டியது... மணிக்கு எண்பத்து மூன்று மைல்.

"இதோ பாருங்க," என்று அவள் இரண்டு பந்துகளை மேசைமேல் வைத்தாள். "அடி விழுற நேரத்துல பந்து கொஞ்சம் அமுங்கணும். அமுங்கி விரிஞ்சாதான் நல்லாப் பறக்கும். நீங்க கேட்டதோட அமுக்க எண் நூறு. நூறு மைல் பக்கமா வீசறவங்களுக்குத்தான் அது அசைஞ்சு குடுக்கும். உங்களுக்குக் கல்லை அடிச்ச மாதிரி கைதான் வலிக்கும். இது அம்பத்தஞ்சு. மெத்துனு இருக்கும், தூரமும் போகும்."

"மெத்துனா... வயசானவங்க ஆடறதா?"

"வீம்பு இல்லாதவங்க ஆடறது."

அப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி இமையில் நிற்க, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தான். அவளுக்கு ஏனோ அடுத்து என்ன பேச வந்தோம் என்பதே மறந்துபோனது.

"நான் பல் டாக்டர்ங்க," என்றான் மெல்ல. "கல்லைக் கடிக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லிட்டுத் திரியறேன்... அந்த மெத்துப் பந்தே குடுங்க."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது, வேகம்தான் பெயர். "எழுபத்தி நாலு வந்துருக்காரு, தொண்ணூத்தி ஒண்ணு திட்டிட்டுப் போனாரு" என்றுதான் பேசிக்கொள்வார்கள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் எண்பத்திமூணு ஆனான். சனிக்கிழமை தவறாமல் வந்தான். கையுறை வாங்க, குடை வாங்க, எதுவுமே வாங்காமல் நின்றுவிட்டுப் போக...

"உன் எண்பத்திமூணு வந்தாச்சு, எந்திரி," என்பாள் கல்லாவில் இருக்கும் அக்கா.

"என் எண்பத்திமூணா? கடைக்கு வர்ற எண்பத்திமூணு, அக்கா."

"ஆமாமா. அதுக்குத்தான் கண்ணாடியில அஞ்சு தடவ மூஞ்சி பாத்தியா?"

மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை இவளும் சொல்லவில்லை. 'அவரே ஆரம்பிக்கட்டுமே... நான் ஏன் இறங்கிப் போகணும்?' என்றிருந்தாள். வீம்பைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்தவள்தான்!

நான்காம் மாதம் ஒரு வியாழக்கிழமை, அவன் இன்னொருத்தியோடு வந்தான்.

உயரமாக இருந்தாள். சிரித்தால் கன்னத்தில் குழி. கண் டாக்டராம். வலைக்குள் போனவள் அலட்டிக்கொள்ளாமல் மட்டையைச் சுழற்றினாள். திரையில் நூற்று இரண்டு! கல்லாவிலிருந்த அக்காவே எழுந்து நின்று பார்த்தாள்.

'அழகா இருக்கா, சரி, இருந்துட்டுப் போகட்டும்... அதோட நூத்திரெண்டு வேற எதுக்கு?' இவளுக்கு வயிறு எரிந்தது. பெண்களில் நூறைத் தாண்டிய ஒருத்தியை இந்த அறை பார்த்ததே இல்லை. வேறு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஜோடிப் போட்டி," என்றான் அவன், இவள் முகத்தைப் பார்க்காமல். "ஜோடிக்கு ஒரே பந்துதான். ஒரு அடி நான், அடுத்த அடி இவங்க... மாத்தி மாத்தி ஆடணும். ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு..."

"இவங்க அம்மா போட்ட திட்டம் இது," என்று நூற்றிரண்டு சிரித்தாள். "பதினெட்டு குழி ஒரே பந்துல சேர்ந்து ஆடுங்க, ஒத்துப் போச்சுன்னா கல்யாணப் பேச்சை எடுக்கலாம்னுட்டாங்க. எனக்கும் ஐடியா பிடிச்சிருக்கு."

அவன் மறுக்கவில்லை. தன் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மௌனம்தான் இவளைச் சுட்டது. வாயில்லையா இந்த மனுஷனுக்கு? ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவன், தன் வாயைத் திறக்க மாட்டானா?

சரியான பந்து எதுவென்று இவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் தட்டில், அமுக்க எண் எண்பது. அவன் வீச்சுக்குக் கொஞ்சம் கெட்டி, நூற்றிரண்டின் வீச்சுக்குக் கொஞ்சம் இளக்கம், ஆனால் இருவருமே சமாளித்துவிடலாம். இவள் கை எண்பதைத் தொட்டது... தாண்டிப் போனது. ஐம்பத்தைந்தை எடுத்தது. நூற்றிரண்டின் அடியில் அது பரிதாபமாக நசுங்கும். தூரம் குறையும். பந்து தண்ணீரில் விழும். நீயா நானா என்று இருவருக்கும் முட்டிக்கொள்ளும். நன்றாக முட்டிக்கொள்ளட்டும்!

பந்தைத் தேர்ந்தெடுத்தவர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கடை விதி. 'இருவருக்கும் பொருத்தம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அந்தச் சந்தோஷம் அவர்கள் வாசல் தாண்டும்வரைதான் இருந்தது. மறுநாள் எழுபத்தி நாலு வந்து, "நீங்க எதைக் குடுத்தாலும் கண்ணை மூடிட்டு வாங்கிக்கறேம்மா," என்றபோது அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆறு வருட வேலையில் தெரிந்தே ஒருவருக்கும் தவறான பந்து கொடுத்ததில்லை. கொடுத்தது யாருக்கு? அவனுக்கு! அவன் தோற்றுத் தலைகுனிந்து நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. எண்பதைக் கொடுத்தாலோ, அவன் அந்த நூற்றிரண்டுக்குப் போய்விடுவான்.

ஞாயிறு காலை தூறிக்கொண்டிருந்தது. எண்பது பெட்டியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, ஈரப் புல்லில் வழுக்கி வழுக்கி முதல் குழியின் மேடைக்கு ஓடினாள். அவன் நின்றிருந்தான். நூற்றிரண்டு நின்றிருந்தாள். பெரிய குடைக்குக் கீழே அவன் அம்மாவும் நின்றிருந்தார்கள்.

"இந்தாங்க..." மூச்சு வாங்கியது. "அன்னிக்கு நான் குடுத்தது தப்பான பந்து. இதுதான் சரியானது."

"தெரியாம மாத்திட்டீங்களா? பரவால்லங்க..." என்றான் அவன்.

தலையை ஆட்டிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். அவளால் முடியவில்லை.

"தெரிஞ்சேதான் குடுத்தேன்."

நூற்றிரண்டின் சிரிப்பு நின்றது. அவன் முகம் சிவந்தது.

"எதுக்கு? நான் தோத்து அவமானப்படணும்னா?"

"தோக்கணும்னு இல்ல..." கண்ணில் நீர் முட்டியது. தூறல் இருந்தது நல்லதாகப் போயிற்று. "உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தமான பந்து என்கிட்ட இருந்துச்சு. எடுத்துக் குடுக்க மனசு வரல. பொறாமை... போதுமா? இப்ப சரியானதைக் குடுத்துட்டேன். நல்லா ஆடுங்க."

அம்மாவின் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரும் எதுவும் பேசுமுன், போட்டி நடத்துபவர் விசில் ஊதி, "அடுத்த ஜோடி, வாங்க!" என்று கத்தினார்.

அவன் மேடை ஏறினான். பெட்டியைப் பிரித்தான். புதுப் பந்தை வைத்தான். வீசினான்.

பந்து வலது பக்கம் தறிகெட்டுப் பறந்து, வேலியைத் தாண்டிப் புதருக்குள் போய் விழுந்தது. ஆறு வயதுப் பிள்ளைகூட அப்படி அடிக்காது. நூற்றிரண்டு பந்து போன திசையைப் பார்த்தாள். அவன் பந்தை விட்டுக் கடைக்காரியையே பார்ப்பதைப் பார்த்தாள். தன் கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். முகத்தில் வருத்தம் இருந்தது, மறைக்கவும் இல்லை.

"பந்து சரியாத்தான் இருக்கு டாக்டர். ஆளுதான் இங்க இல்ல," என்றாள். "இதை அன்னிக்குக் கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்... மன்னிச்சுடுங்க."

பிறகு அம்மாவிடம் திரும்பினான். "அம்மா, நீங்க சொன்ன மாதிரி ஆடிப் பாத்தாச்சு. ஒரு அடியிலயே தெரிஞ்சு போச்சு."

"எனக்கும்தான்டா தெரியுது," என்றார்கள் அம்மா, எரிச்சலை விழுங்கிக்கொண்டு. "என்கிட்ட ஏன் சொல்ற? யார்கிட்ட சொல்லணுமோ அவ அங்க நனைஞ்சுட்டு நிக்கறா பாரு."

அவன் ஈரப் புல்லில் நடந்து வந்தான். போட்டிக்காரர்கள், விசில்காரர், வரிசையில் காத்திருந்த ஜோடிகள்... எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு யாரும் கண்ணில் படவில்லை.

"மூணு மாசமா என்ன சொல்றதுனு தெரியாம கையுறையா வாங்கிட்டு இருந்தேன். வீட்டுல பதினோரு ஜோடி கிடக்கு. சொல்லி, நீங்க மாட்டேன்னுட்டா அப்புறம் அந்தக் கடைக்குள்ள நான் எப்படி வருவேன்னு பயம்." இன்னும் ஓரடி முன்னால் வந்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க பொறாமைப்பட்டீங்கன்னு கேட்டதும்... அய்யோ, எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுங்க!"

அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"எனக்கும்தான்... அன்னிக்கு மழையில வந்து சண்டை போட்டப்பவே பிடிச்சுப் போச்சு," என்றாள். "ஆனா இனிமே அந்த நூத்திரெண்டு கடைக்கு வந்தா, நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாது."