ஓடை வாய்

அறைக்குள் செருப்பைக் கழற்றியதும் பரிமளாவின் பாதத்தில் தரை வெதுவெதுப்பாகப் பட்டது. வெயில் ஏறிய சூடு இல்லை அது. ஆள் எழுந்துபோன பாயில் மிச்சமிருக்குமே, அந்தச் சூடு.

அதை யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. அவ்வளவு கோபம். கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே மீன் ஏலக்கூடம் கட்டுவதற்காகக் கடலோரச் சதுப்பை மேடாக்கும் வேலைக்கு அவள்தான் பொறியாளர். மேட்டுப் பகுதியை மட்டும் நிரப்பலாம், அலையாத்திக் காட்டைத் தொடக்கூடாது, கடல்தண்ணீர் ஏறி இறங்கும் ஓடையின் வாயை அடைக்கவே கூடாது என்று திட்டம் போட்டு, மீனவர்களிடம் அவளே நின்று பேசிச் சம்மதம் வாங்கியிருந்தாள். தங்கை கல்யாணத்துக்கு அன்னவாசல் போய்ப் பத்து நாளில் திரும்புவதற்குள் ஒப்பந்தக்காரர் ஆனந்தராஜ் எல்லாவற்றையும் மூடிவிட்டார். காட்டை வெட்டக்கூட இல்லை. நின்ற மரங்களின் மேலேயே லாரி லாரியாகக் கிராவல் மண் கொட்டி, அதன்மேல் கல் பாவி, அவளுக்கு அலுவலகமாக இந்த அறையையும் எழுப்பியிருந்தார்கள்.

வழியில் மீனவர் ராக்கன் மறித்துக் கேட்டார்.

"ஒங்க வார்த்தைய நம்பித்தானே தாயி சரின்னோம்? எறாக்குஞ்சு பூராம் அடச்ச ஓடைக்குள்ள கெடந்து செத்துப்போச்சு."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேகம் கவிந்து பொழுது சாயுமுன்பே இருட்டியது. கரண்ட் போய், மின்விசிறி கிறீச்சிட்டு ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. அலை என்று முதலில் நினைத்தாள், ஆனால் கடல் கிழக்கே தள்ளி இருந்தது, இது காலுக்கு நேர் கீழே, கனத்த எதையோ சுமந்துகொண்டு யாரோ மெதுவாக மூச்சை இழுப்பது போல நீண்டு, நின்று, பிறகு தரைக் கற்களின் இடுக்குகள் வழியே அழுகிய இலையும் செத்த இறாலும் கலந்த சேற்று நாற்றமாக வெளியே வந்தது. மறுபடி உள்ளே இழுத்தது. அவளுடைய துப்பட்டாவின் நுனி இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். கிழிந்துதான் வந்தது.

வெளியே ஓடினாள்.

ஆனந்தராஜ் காரை நிறுத்திவிட்டு, ஓடை வாய் இருந்த இடத்தில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"ஓடைய ஏன் அடைச்சீங்க?"

"தண்ணிக்கென்ன மேடம், அங்கிட்டுச் சுத்திப் போகும்."

"காடு?"

"கீழதான இருக்கு. எங்கயும் போயிரல." விரலிலிருந்த பச்சைக்கல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே சிரித்தார்.

"ஜேசிபியக் கூப்பிடுங்க. இப்பவே தோண்டணும். இல்லன்னா நானே கையால தோண்டுவேன். ஊரு பூராம் என்னைய நம்புச்சுய்யா!"

"சத்தம் போடாதீங்க. எப்புடி இறுகியிருக்கு பாருங்க, கல்லு மாதிரி." ஓங்கி மிதித்துக் காட்டினார்.

மிதித்த கால் மேலே வரவில்லை.

தரை மூச்சை இழுத்தது. முழங்கால். இடுப்பு. பரிமளா குப்புற விழுந்து அவர் கையைப் பற்றினாள்.

"இழுங்க மேடம்... இழுங்க..."

இழுத்தாள். அதுவும் இழுத்தது.

கை நழுவியது. கிராவல் மூடிக்கொண்டது. ஒரு சுவடு இல்லை.

"விடு! அந்த ஆளை விடு!" நகம் பிய்யத் தோண்டினாள். அழுகையா ஆத்திரமா, தெரியவில்லை. மண் சூடாக இருந்தது.

பிறகு தரை மூச்சு விட்டது.

கிராவல் எங்கும் வெடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேர்கள். அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடுமே, அந்த வேர்கள். விரல் தடிமன். சாம்பல் நிறம். ஆயிரக்கணக்கில். செங்குத்தாக.

அவள் தோண்டிய குழியிலும் ஐந்து முளைத்தன.

ஐந்திலும் நகம் இருந்தது. ஒன்றில் பச்சைக்கல் மோதிரம். மெல்ல விரிந்து, மெல்லச் சுருங்கி, மற்ற வேர்களோடு சேர்ந்து அவையும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.