தெக்லாவின் தலைத்துணி

பாம்புகள் தப்பான பக்கம் போய்க்கொண்டிருந்தன.

வாசில் அடுப்படி ஜன்னலருகே நின்று பார்த்தான். மே மாதம் பனி உருகியதும் கொல்லையிலிருக்கிற சுண்ணாம்புப் பாறைப் பிளவிலிருந்து முதுகில் மஞ்சள் கோடு ஓடும் கோட்டுப் பாம்புகள் ஆயிரக்கணக்கில் ஏறி வரும். ஆண்கள் முதலில் வந்து பிளவின் வாயிலேயே காத்துக் கிடக்கும். பெண் ஒன்று தலையை நீட்டினால் போதும், ஐம்பது அறுபது ஆண்கள் அதன்மேல் விழுந்து பந்தாகச் சுருண்டுவிடும். விஷம் கிடையாது. பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி. வின்னிபெக் நகரத்திலிருந்து படித்தவர்கள் நோட்டோடு வந்து எண்ணிக்கொண்டு போவார்கள். அவர்கள் சொல்வதில் ஒன்றையும் அவன் நம்பியதில்லை. அவனாகக் கண்டறிந்தது ஒன்று உண்டு. பெண்ணின் வாசனை வேறெங்காவது இருந்தாலொழிய ஆண் பாம்பு அந்தப் பிளவை விட்டு நகராது.

இன்று நட்டநடு மத்தியானத்தில் அவை வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. போன வருஷத்துப் புல் காகிதம் கசங்குவது போலச் சரசரத்தது. மூடிய ஜன்னலுக்கு உள்ளேயும் அந்த நாற்றம், ஈரமண்ணும் அழுகின முட்டையும் கலந்த மாதிரி, நாக்கில் ஒட்டியது.

"அம்மாவோட செவப்பு ரோசாப்பூ தலைத்துணி கெடைச்சிருச்சுப்பா," என்றாள் மகள் லெசியா. அம்மாவை அடக்கம் செய்வதற்காக நகரத்திலிருந்து வந்திருந்தாள். தெக்லா இறந்தது பிப்ரவரியில். அப்போது மண் இரும்பாகக் கிடந்தது. கடப்பாரை இறங்கவில்லை. அதனால் மூன்று மாதமாகச் சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் பலகைக் கொட்டகையில் பெட்டிக்குள் காத்திருந்தாள். நாளைக்குத்தான் குழி.

"எங்க இருந்துச்சு?"

"நெலவறையில. பீட்ரூட் ஊறுகா ஜாடிங்களுக்குப் பின்னாடி, தனியா ஒரு ஜாடிக்குள்ள. மூடிய மெழுகு ஊத்தி அடைச்சு வெச்சிருந்தா. துணிய யாராவது ஊறுகா போடுவாங்களா?"

வாசில் கோப்பையை மேசைமேல் வைத்தான்.

"இப்போ எங்க?"

"கொடியில போட்டிருக்கேன். நாத்தம் போகட்டும்னு."

"அது வேண்டாம். வேற ஏதாச்சும் கட்டி விடு."

"பெட்டியில வெக்கிறப்ப இதத்தான் கட்டணும்னு ஆஸ்பத்திரியில சொன்னா. ஏம்மான்னு கேட்டேன். 'உங்கப்பாவக் கேளு, அவரே சொல்லட்டும்'னா." லெசியா அவன் முகத்தையே பார்த்தாள். "சொல்லுங்க."

"சாகப்போற நேரத்துல கெழவி என்னமோ ஒளறியிருக்கா."

"அம்மா ஒளற மாட்டா. அது உங்களுக்கே தெரியும்."

"பாதிரியார் காத்துக்கிட்டிருப்பாரு. போயிட்டு வா."

அவள் கார் சாவியை எடுத்தாள். வாசலில் திரும்பி, "வந்து மறுபடி கேப்பேன்," என்றாள்.

சரளைக்கல் சாலையில் காரின் சத்தம் தேய்ந்து மறைந்தது. வாசில் தீப்பெட்டியைத் தேடினான். மகள் வருவதற்குள் அந்தத் துணி சாம்பலாகிவிட வேண்டும். சாம்பலைக் காட்டி அவளால் எதையும் கேட்க முடியாது.

நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய மே மாதம். தெக்லா கல்யாணமாகி வந்த முதல் வசந்தம். நகரத்துப் பெண், பாம்பென்றாலே உடம்பு கூசும். வேலிமேல் வாசிலின் சிநேகிதர்கள் நாலு பேர், கையில் வீட்டில் காய்ச்சின சாராயம். வாசில் பெரிய பெண் பாம்பு ஒன்றைப் பிடித்து அவளுடைய தலைத்துணியால் அதன் முதுகை நன்றாகத் துடைத்தான். ஒன்றும் அறியாதவன் போலத் துணியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். அவள் அதைக் கட்டிக்கொண்டு துவைத்த துணி உலர்த்தக் கொல்லைக்கு வந்தாள்.

"வாசில், உன் பொண்டாட்டிக்கு மாப்பிள்ளைங்க வரிசையில நிக்கிறானுங்கடா," என்றான் வேலிமேல் இருந்த நெஸ்தோர்.

ஆண் பாம்புகள் அவள்மேல் ஏறின. கணுக்கால். முழங்கால். இடுப்பு. தோள். அவள் கத்தவில்லை, ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவனைப் பார்த்து ஒரே ஒரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பத்தடி தூரம்தான். போயிருக்கலாம். அவன் சிரித்தான். வேலிமேல் இருந்தவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தான். நிறுத்தினால் அவள் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதைப் பற்றி அவள் அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சமைத்தாள், பிள்ளை பெற்றாள், அவன் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கொல்லைக்கு மட்டும் போகவே இல்லை. துணியெல்லாம் நிலவறையில்தான் உலர்ந்தது.

தீப்பெட்டி கிடைத்தது. பின்கதவைத் திறந்தான்.

காற்று அசையவில்லை. கொடியில் சிவப்புத் துணி தொங்கியது. அதற்கு நேர் கீழே பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து புரண்டன. அவை அவன் காலைச் சுற்றி வழிந்து போயின. அவனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் துணியைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

குவியல் எழும்பியது.

பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. கம்பம் இல்லை, கயிறு அவற்றுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனாலும் ஏறின. கணுக்கால் உயரம். முழங்கால் உயரம். பின் இடுப்பு. அதே வரிசை. உள்ளே ஏதோ ஒன்றைச் சுற்றித்தான் ஏறின.

தோள்.

கொடிக்கயிறு ஆடியது. துணி அதில் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தது. தெக்லா போடுகிற முடிச்சு, இடதுபக்கம் சாய்ந்தது.

அவ்வளவு புரளலும் ஒரேயடியாக நின்றது. சரசரப்பும் நின்றது. துணிக்குள்ளிருந்து எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

பத்தடிகூட இல்லை.

"தெக்லா," என்று வாயைத் திறந்தான். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் திறந்தான். நாற்பத்தாறு வருஷம் நெஞ்சுக்குள்ளேயே கிடந்த சொல்.

வந்தது சிரிப்பு. அன்றைய அதே சிரிப்பு, இருபத்தாறு வயசுச் சிரிப்பு. வாயைக் கையால் பொத்தினான். விரலிடுக்கில் வழிந்தது.

சரளைக்கல்லில் கார் வந்து நின்றது. கதவு திறந்தது.

"அப்பா? யாரோடப்பா சிரிக்கிறீங்க?"

லெசியாவின் காலடி வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் வந்தது. துணி கட்டிய அந்த உருவம் நின்ற இடத்திலேயே நின்றது, மகளைப் பார்க்கத் திரும்பாமல், அவனை மட்டும் பார்த்தபடி. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.