திட்டத் தெரியாத எசோனோ

சோக்னா நிஜாய் மைக்கை மூடி வைத்ததற்குக் காரணம் மொட்டை மாடியில் கட்டியிருந்த ஆடு.

தியெஸ் நகரத்தில் பாதி வீட்டு மாடிகளில் ஆடு நிற்கும். சோக்னாவின் வீட்டில் சிக்னல் கிடைப்பதும் மாடியில் மட்டும்தான். ஆகவே அவளும் ஆடும் ஒரே இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. கைப்பேசி விளையாட்டில் முதல்முறையாக மைக்கைத் திறந்து, "கேக்குதா?" என்று அவள் கேட்டதும், ஆடு நீளமாகக் கத்தியது.

"கேக்குது, கேக்குது. உங்க அண்ணனுக்கு என்ன வேணுமாம்?" என்றான் தல்லா.

தல்லா ஜோப் அவளுடைய வகுப்புத் தோழன். நகரத்தின் மறுகோடியில் அவன் வீடு. சோக்னா சட்டென்று மைக்கை மூடிவிட்டாள். அப்புறம் அதைத் திறக்கவே இல்லை. அவள் பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

விளையாட்டு அப்படி. மூன்று பேர், ஒரு படகு, பாறைகள் நிறைந்த ஓர் ஆறு. முன்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் பாறை தெரியும். அவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைக் கேட்டு ஒருவர் சுக்கான் திருப்புவார், ஒருவர் துடுப்புப் போடுவார். தல்லா முன்னால் இருந்தான். சோக்னா சுக்கான். துடுப்புப் போட்டவன் எசோனோ.

எசோனோ வேறு நாட்டுப் பையன். லிப்ரவில் நகரத்தில் இருந்தான். விளையாட்டில்தான் பழக்கம். மூன்று பேருக்கும் பிரெஞ்சு தெரிந்ததால் பேசிக்கொள்வதில் சிரமம் இல்லை. ஆனால் அவனும் மைக்கைத் திறந்ததில்லை. "சரி", "நன்றி" என்று எழுத்தில் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்வான்.

இரண்டு பேர் விட்டுவைத்த பேச்சையும் தல்லாவே பேசித் தீர்த்தான்.

"நிஜாய், இடது பக்கம் திருப்பு. இடதுன்னா எதுன்னு தெரியுமா? சோத்தை அள்ளுற கை இல்ல, அந்த இன்னொரு கை. உங்க குடும்பத்துல அந்தக் கைக்கு வேலையே கிடையாதே."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சோத்துத் திருடங்க வீட்டுப் பொண்ணு. எங்க வீட்டுல சட்டி கழுவ வேண்டியவ, படகு ஓட்ட வந்துட்டா."

இதைக் கேட்டு சோக்னாவுக்குக் கோபம் வரவில்லை. ஜோப் குடும்பமும் நிஜாய் குடும்பமும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று இப்படித்தான் சீண்டிக்கொள்ளும். சந்தையில் முன்பின் தெரியாத ஒரு ஜோப்பும் ஒரு நிஜாயும் சந்தித்தால்கூட இதுதான் வணக்கம். ஒரு நாள் திட்டாமல் போனால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

சோக்னா எல்லாவற்றையும் மனத்தில் சேர்த்துவைத்து, மறுநாள் பள்ளிக்கூட வாசலில் வட்டியோடு திருப்பிக் கொடுப்பாள்.

"வாடா ஜோப். ராத்திரி அடிப்பிடிச்ச சோத்தைச் சுரண்டித் தின்னீங்களாமே. சட்டியாவது மிச்சம் இருக்கா?"

புதன்கிழமை மதியம் பள்ளி இல்லை. சோக்னா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தல்லா மூச்சிரைக்க ஏறி வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என் குரலைப் பூட்டிட்டாங்க. ஒரு வாரத்துக்கு. நான் கேக்கலாமாம், பேசக் கூடாதாம். கூட விளையாடுறவங்களை இழிவாப் பேசுறேன்னு யாரோ புகார் கொடுத்திருக்காங்க."

சோக்னா விரல்விட்டு நாளை எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் பெரிய அருவி ஒன்றைக் கடக்கவேண்டும். கடந்தால் அடுத்த ஆற்றுக்குப் போகலாம். ஏற்கெனவே இரண்டு முறை முயன்று மூழ்கியிருந்தார்கள். ஞாயிறோடு அந்த வழியை மூடிவிடுவார்கள். அடுத்த வருடம்தான் மறுபடி திறக்கும்.

"நீ ஞாயித்துக்கிழமை இங்க வந்து என் பக்கத்துல உக்காந்து சொல்லேன்."

"எப்படி வர்றது? ம்பூர்ல எங்க அத்தை குழந்தைக்குப் பேர் வைக்கிறாங்க. அங்கேருந்துதான் விளையாடணும்." தல்லா பல்லைக் கடித்தான். "புகார் கொடுத்தது எசோனோதான். படகுல வேற யாரு இருக்கா? அவனை மொதல்ல வெளிய தள்ளு."

சோக்னா கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். தள்ளவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எசோனோ தானாகவே படகை விட்டு இறங்கியிருந்தான். அவளுக்கு ஒரு செய்தி வைத்திருந்தான்.

"சோக்னா, இனிமே அவன் உன்னைத் திட்ட மாட்டான். நான் புகார் கொடுத்துட்டேன். நீ பயப்படாதே. அவனுக்கு என் மேல கோபம் வரும். அதனால நான் போறேன்."

சோக்னா அதை இரண்டு முறை படித்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. பள்ளிக்கூட வாசலில் அவள் திருப்பிக் கொடுத்தது எதுவும் லிப்ரவில் வரைக்கும் போகவில்லை. அவன் காதில் விழுந்ததெல்லாம் தல்லாவின் குரல்தான். ஒரு பையன் நாள்தோறும் ஒரு பெண்ணைச் சோற்றுத் திருடி என்றும் சட்டி கழுவுகிறவள் என்றும் சொல்கிறான். அவள் வாயே திறப்பதில்லை.

"அட கடவுளே" என்றாள் சோக்னா. "நான் தினமும் அழுதுக்கிட்டே படகு ஓட்டுறேன்னு நினைச்சிருக்கான்."

"அதுக்காகப் போய்ப் புகார் கொடுப்பானா?"

"தல்லா, நம்ம வகுப்புல யாராவது எனக்காக இப்படிப் பண்ணுவாங்களா?"

"பண்ண மாட்டாங்க. அவங்களுக்குத்தான் விவரம் தெரியுமே."

"இவனுக்குத் தெரியாது. நான் யாருன்னும் தெரியாது. ஆனாலும் பண்ணினான். படகையும் விட்டுட்டுப் போனான்."

தல்லா ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரி, கூப்பிடு" என்றான்.

சோக்னா முதலில் மைக் அமைப்பைத் திறந்தாள். எப்போதும் திறந்திருக்கும், எப்போதும் மூடியிருக்கும் என்ற இரண்டைத் தவிர, அழுத்தும்போது மட்டும் திறக்கும் என்று மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. அவள்தான் கீழே தள்ளிப் பார்க்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எசோனோவை மறுபடி படகுக்கு அழைத்தாள். அவன் பெயர் திரையில் வந்ததும், ஆடு வாய் மூடும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினாள்.

"எசோனோ, நான் சோக்னா பேசுறேன். நான் அழவே இல்லை."

அவள் ஜோப், நிஜாய் கதையை முழுவதும் சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் தான் சொன்ன சட்டிக் கதையையும் விடவில்லை. தல்லா தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசியில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு மெல்லிய குரல், "அப்ப நீ ஏன் பேசவே இல்லை?"

"எங்க வீட்டு ஆடு பேச விடலை. நீ ஏன் பேசலை?"

"நான் பேசினா அவன் என்னையும் திட்டுவான்னு..."

தல்லா திருதிருவென்று விழித்தான். தன்னைக் கண்டு ஒருவன் பயந்திருப்பான் என்று அவன் நினைத்ததே இல்லை. "நான் கெட்டவன் இல்லைன்னு சொல்லு" என்று சோக்னாவின் காதில் முணுமுணுத்தான்.

"தன்னைக் கெட்டவன் இல்லைன்னு சொல்லச் சொல்றான்" என்றாள் சோக்னா. "ஞாயித்துக்கிழமை அவன் துடுப்புப் போடட்டும். துடுப்புக்குக் காது இருந்தாப் போதும். நீ முன்னாடி உக்காரு."

"நானா? நான் பேசினதே இல்லையே."

"இப்பப் பேசிக்கிட்டுதானே இருக்க?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எசோனோவின் கைப்பேசி ஒலிபெருக்கி வழியாக வந்த ஆற்றுச் சத்தமே அவன் மைக்கில் திரும்பப் புகுந்து எதிரொலித்தது. காதுக்கருவியை மாட்டச் சொன்னாள் சோக்னா. எதிரொலி நின்றது. ம்பூரிலிருந்து தல்லா வந்து துடுப்பைப் பிடித்தான். படகு புறப்பட்டது.

"சோக்னா, உனக்குச் சிரமம் இல்லைன்னா, கொஞ்சம் வலது பக்கமா..."

படகு பாறையில் இடித்தது.

"மன்னிச்சிடு. இப்ப, தயவுசெஞ்சு, முடிஞ்சா இடது..."

மறுபடியும் இடித்தது. படகில் தண்ணீர் ஏறியது. இன்னொரு இடி வாங்கினால் மூழ்கிவிடும். அருவியோ இன்னும் வரவே இல்லை.

"எசோனோ, மரியாதை எல்லாம் வேண்டாம். நீ 'தயவுசெஞ்சு' சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாறை வந்துடுது. தல்லா மாதிரி கத்து."

"உன்னைப் பாத்து எப்படிக் கத்துறது? நீ எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே."

சோக்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆடு கத்தியது. அவள் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு சொன்னாள்.

"இதோ பாரு. இந்த நிமிஷத்துலேருந்து நீ எசோனோ ஜோப். தல்லா வீட்டுப் பையன். நான் நிஜாய். உங்க சோத்தை எல்லாம் நான்தான் தின்னுட்டேன். உனக்கு ஒரு பருக்கை வைக்கலை. என்ன பண்ணப் போற?"

அருவியின் இரைச்சல் கூடியது.

"இடது" என்றான் எசோனோ. பிறகு அவன் குரல் உயர்ந்தது. "இடது, நிஜாய், இடது! தின்ன சோத்துக்குச் சுக்கானைத் திருப்பு! இப்ப வலது! சட்டியைப் பாத்தா மட்டும் வேகமா ஓடுவியே, இப்ப என்ன தூக்கமா? நேரா! ஜோப், நீயும்தான், துடுப்பா அது, கரண்டியா?"

சோக்னா திருப்பினாள். தல்லா துடுப்பு வலித்தான். இரண்டு பாறைகளுக்கு நடுவே படகு நுழைந்து, நுரையில் ஒரு முறை மறைந்து, அருவிக்கு அந்தப் பக்கம் முழுசாக வெளியே வந்தது. அடுத்த ஆறு அகலமாக, அமைதியாக இருந்தது.

தல்லா துடுப்புப் போடுவதை நிறுத்தினான்.

"சோக்னா" என்றான் எசோனோ பழைய மெல்லிய குரலில். "ரொம்ப அதிகமாப் பேசிட்டேனா?"

"கரண்டின்னு சொன்னியே, அது ஒண்ணுதான் உண்மை. மத்ததெல்லாம் பொய். ஜோப் குடும்பத்துல சோறு இருந்தாத்தானே திருடுறதுக்கு?"

அந்தப் பக்கம் எசோனோ விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல்முறை.

திரையில் தல்லாவின் செய்தி வந்தது. "எசோனோ, புதன்கிழமை வரைக்கும் என்னால வாயைத் திறக்க முடியாது. அதுவரைக்கும் நம்ம குடும்பத்து மானம் உன் கையிலதான் இருக்கு."

எசோனோ தொண்டையைச் செருமிக்கொண்டான். "நிஜாய்" என்று ஆரம்பித்தான்.