முந்திப் போன சகலை

லோபுச்சே கிராமத்தை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு இன்னும் மூன்று மணி நேர நடை. பனி கொட்டியது, காற்று முகத்தில் அறைந்தது. நல்லசிவத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. முன்னால் போகும் சிவப்பு ஜாக்கெட்தான் கண்ணை உறுத்தியது.

ஜாக்கெட்டுக்குள் இருந்தவன் அவன் சகலை திருமூர்த்தி, மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஈரோட்டில் மாமியார் வீட்டு விருந்தில் நாட்டுக்கோழிக் கால் எப்போதும் திருமூர்த்தி இலையில்தான் விழும். மூத்த மாப்பிள்ளைக்குக் கழுத்து! பத்து வருடமாகக் கழுத்தைக் கடித்து நல்லசிவத்தின் வயிறு எரிந்துகொண்டிருந்தது. சின்னவன் எவரெஸ்டுக்கு நடக்கப் போகிறான் என்றதும், முகாமில் முதல் காலை நான்தான் வைப்பேன் என்று நல்லசிவமும் கிளம்பிவிட்டான்.

வழிகாட்டி பசாங் தினமும் சாயங்காலம் விரலில் கருவியை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார். உயரம் ஒத்துக்கொள்கிறதா என்று அறிய அது. சகலைகள் அதைப் பரீட்சை மார்க் ஆக்கிவிட்டார்கள். ஒளிந்து நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுவிட்டு வந்து விரலை நீட்டினார்கள். ஒரு நாள் திருமூர்த்தி எண்பத்தெட்டு, நல்லசிவம் எண்பத்தாறு. அன்றைக்கு நல்லசிவத்துக்குச் சூப் இறங்கவில்லை.

இப்போது சிவப்பு ஜாக்கெட் மெதுவானது. நல்லசிவம் விறுவிறுவென்று அதைத் தாண்டினான். திரும்பிப் பார்த்தான். திருமூர்த்தி குடித்தவனைப் போலத் தள்ளாடிக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க நல்லசிவத்துக்கு மனம் குளிர்ந்தது. முன்னே வழி பார்த்துப் போன பசாங்கிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அரை மணி நேரம் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தான். மறுபடி திரும்பியபோது திருமூர்த்தி பனியில் உட்கார்ந்து ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“புழுக்கமா இருக்குதுங்ணா,” என்று சிரித்தான்.

நல்லசிவம் சட்டென்று நின்றான். உயரத்தில் புத்தி தடுமாறினால் மூளை வீங்குகிறது என்று அர்த்தம், உடனே இறங்காவிட்டால் ஆள் பிழைக்க மாட்டான் என்று பசாங் முதல் நாளே சொல்லியிருந்தார். வழிகாட்டி ஒருவர்தான். கூப்பிட்டால் மூன்று பேரும் இறங்க வேண்டும், முகாம் போய்விடும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நல்லசிவம் மேலே, முகாம் இருந்த திசையில் பார்த்தான். பிறகு தொண்டை கிழியப் பசாங்கைக் கூப்பிட்டான்.

ஹெலிகாப்டர் இந்தக் காற்றில் வராது என்றார் பசாங். இருவரும் மாறி மாறி அவனை முதுகில் சுமந்தார்கள். ஒரு சரிவில் கல் புரண்டு நல்லசிவம் முழங்கால் தெறிக்க விழுந்தான். முதுகில் இருந்தவனை மட்டும் விடவில்லை. இருட்டும் நேரத்தில் கீழே இருந்த பெரிச்சே கிராமத்து மருத்துவ முகாமை எட்டினார்கள்.

மறுநாள் காலை, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு திருமூர்த்தி கண் விழித்தான்.

“ரெண்டு நாளாவே தலை வெடிச்சுதுங்ணா. சொன்னா என்னை அங்கியே தங்க வெச்சுட்டு, உங்களை மட்டும் மேல கூட்டிட்டுப் போயிருவாங்களோன்னு பொறாமை. வாயை மூடிட்டேன்.”

இவனுக்குமா என்று நல்லசிவத்துக்குத் திகைப்பாக இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் வீரன் பட்டம் நிச்சயம். ஆனால் அவனால் முடியவில்லை.

“நீ தள்ளாடுனதை அரை மணி நேரம் பாத்துட்டேதான் இருந்தேன், திருமூர்த்தி. சந்தோசமா இருந்துச்சு. அப்புறந்தான் கூப்பிட்டேன்.”

திருமூர்த்தி முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான், முடியவில்லை.

“உங்களைக் கும்பிடறதா, நாலு சாத்து சாத்தறதான்னு தெரியலீங்ணா.”

“மொதல்ல எந்திரி. ரெண்டையும் பண்ணிக்கலாம்.”

மூன்றாம் நாள் கீழே இறங்கும்போது நல்லசிவம்தான் முன்னால் நடந்தான். இருபதடிக்கு ஒருமுறை நின்று, பின்னால் வருபவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தான்.